4:1

"நிலவேம்பு எக்ஸ்ட்ராக்ட், 4:1, 500 கிலோ." மூலிகைச் சாறு எடுக்கிற தொழிலில் ஆர்டர் பெரும்பாலும் இப்படித்தான் வரும். நான்கு கிலோ காய்ந்த மூலிகைக்கு ஒரு கிலோ பொடி என்று கணக்கு. வாங்குகிறவருக்கு அது கறாரான கணக்காகத் தெரியும். தென்மாவட்டத்து ஆலை ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த எனக்கோ, அந்த ஒற்றை வரியைப் படித்ததும் கேள்விகள்தான் எழும். இலை மட்டுமா, தண்டும் சேர்த்தா? பூக்கும் முன்பே அறுத்ததா, காய் பிடித்த பிறகா? தண்ணீரில் எடுத்ததா, ஆல்கஹாலிலா? பொடியில் மால்டோடெக்ஸ்ட்ரின் எத்தனை பங்கு?

கடைசிக் கேள்வி பலருக்குப் புதிதாக இருக்கும். சாற்றைச் சுண்டவிட்டால் கையில் பட்டால் விடாத கரும்பசையாக நிற்கும். அதை ஸ்ப்ரே டிரையரில் தெளித்து உலர்த்தும்போது, சர்க்கரைச் சத்து நிறைந்த சாறுகள் சுவரில் அப்பிக்கொள்ளும். அப்பாமல் உதிரியாக விழுவதற்காக, மாவுச்சத்திலிருந்து செய்த மால்டோடெக்ஸ்ட்ரினைச் சேர்ப்பார்கள். சேர்ப்பதில் குற்றமில்லை, சான்றிதழில் அளவைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சொல்லாமல் விட்டாலும் 4:1 என்ற கணக்கு ஒத்துப்போகும்படி செய்துவிடலாம். அப்போது பொடியில் பெரும்பங்கு செடியிலிருந்து வந்ததாக இருக்காது.

செடியின் பெயரைச் சொல்வது வேறு, மருந்தைச் சொல்வது வேறு என்பதை எனக்கு நிலவேம்புதான் கற்றுக்கொடுத்தது. அதன் கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராபோலைடு. 1911-இல் கோர்ட்டர் என்ற ஆய்வாளர் அதைத் தனியே பிரித்தெடுத்தார். நிறமற்ற படிகம், பச்சைத் தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும், மெத்தனாலில் சுலபமாகக் கரைந்துவிடும். இலையில்தான் அது மிகுதி, தண்டில் குறைவு. செடி பூக்கத் தொடங்கும் சமயத்தில் உச்சத்துக்கு வரும், விதை முற்ற முற்றக் குறையும். அறுத்து வைத்த பிறகும் நிலையாக இருப்பதில்லை. குடோனில் நெடுநாள் கிடந்த மூட்டையைச் சோதித்தால் எண் இறங்கியிருக்கும். எடைக்கு விற்கிற வியாபாரத்தில் இந்த மூன்றும் எதிர்த்திசையில் இழுக்கும். தண்டோடு அறுத்தால் எடை கூடும், காய் பிடிக்கும்வரை விட்டால் செடி பெருக்கும், விலை ஏறும்வரை குடோனில் வைத்திருந்தால் லாபம். ஆக, எடையும் லாபமும் கூடுகிற ஒவ்வொரு வழியிலும் மருந்துச் சத்து குறைகிறது.

லாரியிலிருந்து சாக்குகள் இறங்கியதும் நாங்கள் முதலில் செய்வது விரைவுச் சோதனை. சிலிக்கா பூசிய தகடு ஒன்றில், அடியிலிருந்து விரல் அகலம் விட்டுப் பென்சிலால் மெல்லிய கோடு. அதன்மேல் நுண்குழாயால் சாற்றை ஒரு பொட்டு, பக்கத்தில் சுத்தமான ஆண்ட்ரோகிராபோலைடு ஒரு பொட்டு. கண்ணாடித் தொட்டியில் குளோரோபார்மும் மெத்தனாலும் கலந்த திரவத்தில் தகட்டின் அடிவிளிம்பு மட்டும் நனையும்படி நிறுத்திவிட்டால், திரவம் தானாக மேலேறும். பச்சையம் முன்னே ஓடும், சர்க்கரைகள் கோட்டைவிட்டு நகராது, கசப்புப் பொருள் நடுவில் எங்கோ நிற்கும். தகட்டை எடுத்துக் காயவைத்து கெட்டே கரைசலைத் தெளித்தால், அது நின்ற இடத்தில் ஊதாச் சிவப்பு எழும்பி வரும். லாக்டோன் வளையம் இருப்பதற்கான அடையாளம் அது. நல்ல சரக்கில் அந்தப் புள்ளி சட்டென்று பூத்து அடர்ந்துவிடும். தண்டு மிகுந்த சரக்கில் காத்திருந்தால்தான் மங்கலாகத் தெரியும். அந்த நிறம் எழுவதற்காகக் காத்திருக்கும் சில நொடிகள் எனக்கு ஒருநாளும் அலுத்ததில்லை.

இனி சால்வென்ட். ஒரே சாக்கிலிருந்து எடுத்த இலையை ஒரு பங்கு தண்ணீரிலும் ஒரு பங்கு ஆல்கஹாலிலும் சாறு எடுத்தால், கிடைப்பவை இரண்டு வேறு பொருள்கள். தண்ணீரில் எடுத்ததில் பொடி நிறையக் கிடைக்கும். சர்க்கரைகள், உப்புகள், பசைப்பொருள்கள் எல்லாம் கரைந்து வந்திருக்கும். கசப்புப் பொருள் கிராமுக்கு இவ்வளவு என்று பார்த்தால் சொற்பம். ஆல்கஹாலில் பொடி குறையும், கசப்பு ஏறும், கூடவே பச்சையமும் மெழுகும் வரும். ஆக்டிவேட்டட் கார்பனில் வடிகட்டிப் பச்சையை நீக்கி, படிகமாக்கிக்கொண்டே போனால், இலையில் சுமார் 2 சதவீதமாக இருந்த ஆண்ட்ரோகிராபோலைடை 30 சதவீதத்துக்கும் அதற்கு மேலும் ஏற்றிவிடலாம். அப்படி ஏற்றிய பொடிக்கும் முற்றத்தில் நிற்கிற செடிக்கும் பெயர் ஒன்றுதான்.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். டெங்கு பரவிய ஆண்டுகளில் அரசு மருத்துவமனை வாசல்களில் அண்டாவில் வைத்துக் கொடுத்தார்களே, அது நிலவேம்பு மட்டும் சேர்ந்ததல்ல. வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என இன்னும் எட்டு சரக்குகள் அதில் உண்டு. ஐந்து கிராம் சூரணத்தை 200 மில்லி தண்ணீரில் போட்டு 50 மில்லியாகச் சுண்டக் காய்ச்சுவது வழக்கம். கொதிநீரில் கசப்புப் பொருள் ஓரளவு இறங்கும், மற்ற எட்டிலிருந்தும் கரைவதெல்லாம் கரையும். இதைக் கருவியில் ஏற்றிப் பார்த்து, "ஆண்ட்ரோகிராபோலைடு இவ்வளவுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களிடம் எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கஷாயத்தின் சேர்மானம் வேறு, குடிக்கிற அளவு வேறு, குடிக்கிற நாள்கள் வேறு. அதேபோல, 30 சதவீதப் பொடியை மாத்திரையாக்கி, கஷாயத்தின் நற்பெயரை அதன் அட்டையில் ஒட்டி விற்கிறவர்களிடமும் உடன்பாடில்லை. கஷாயம் நெடுங்காலம் புழங்கிய வழக்கம். அந்த வழக்கம் மாத்திரைக்குச் சாட்சி சொல்லாது. செறிவூட்டிய பொருள் தன் பாதுகாப்பைத் தானே புதிதாக நிரூபித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணை எப்படி அளந்தார்கள் என்பதில்தான் சண்டை அதிகம் வரும். ஆண்ட்ரோகிராபோலைடு ஒளியை உறிஞ்சுவது 225 நானோமீட்டரை ஒட்டி. அந்த இடத்தில் செடியிலுள்ள எத்தனையோ பொருள்களும் உறிஞ்சும். சாற்றைப் பிரிக்காமல் அப்படியே நிறமாலைமானியில் வைத்தால் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக வரும், எண் வீங்கியிருக்கும். எச்.பி.எல்.சி. கருவியில் முதலில் பிரிவு நடக்கிறது. காலம் (column) எனப்படும் எஃகுக் குழாய்க்குள் ஒவ்வொரு பொருளும் வேறு வேறு வேகத்தில் நகர்ந்து, தனித்தனிச் சிகரமாக வெளியே வரும், அதன் பிறகுதான் அளவு. ஒருமுறை வெளியூர் நிறுவனம் ஒன்று எங்கள் சரக்கைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த பொடியில் "சத்து" கூடுதலாம். அந்தப் பொடியில் கொஞ்சம் வரவழைத்து எங்கள் கருவியில் ஏற்றினேன். அவர்களுடைய சான்றிதழிலிருந்த எண்ணில் பாதிகூடத் தேறவில்லை. அளந்த முறையைச் சான்றிதழில் தேடினால், கடைசி வரியில் சிறிய எழுத்தில் "யு.வி.", அதாவது நிறமாலைமானி முறை, என்று போட்டிருந்தது. சப்போனின் என்ற செடிச்சத்தின் கதை இதைவிட மோசம். "சப்போனின் 40 சதவீதம், எடை முறையில்" என்றால், பியூட்டனாலில் இறங்கி வந்ததையெல்லாம் ஆவியாக்கி நிறுத்து, அத்தனையும் சப்போனின்தான் என்று எழுதிவிடுவது. எடை பொய்யில்லை. எழுதிய பெயர் பொய்.

பட்டையை எடைக்கு வாங்காமல் அதன் சத்துக்கு வாங்கும் வழக்கம் நம் மண்ணில் ஒருகாலத்தில் இருந்தது. நீலகிரியில் ஆங்கில அரசு சிங்கோனா பயிரிட்டபோது, பட்டையில் குயினைன் எவ்வளவு என்று அளப்பதற்காகவே உதகமண்டலத்தில் ஒரு ரசாயனரை நியமித்திருந்தது. சந்தையில் பட்டைக்கு விலை பேசியதே குயினைன் சதவீதத்தைப் பார்த்துத்தான். அந்தப் பதவியில் இருந்த டேவிட் ஹூப்பர், 1888-இல் ஆடாதோடை இலையிலிருந்து வாசிசினைப் பிரித்தெடுத்தவர். இன்றைக்குச் சளி மருந்துகளில் உள்ள புரோம்ஹெக்சின், அந்த வாசிசினின் கட்டமைப்பை முன்மாதிரியாக வைத்துப் பிறந்தது. நான் செய்த வேலையின் முன்னோரை ஊட்டியில்தான் தேட வேண்டும் என்று எனக்குத் தெரியவந்தபோது உண்மையாகவே பெருமையாக இருந்தது.

கீழாநெல்லி விஷயத்தில் கருவிக்கு முன்னால் கண் வேண்டும். அந்தப் பெயரோடு வரும் மூட்டையில் மூன்று நான்கு இனங்கள் கலந்திருக்கும். நமக்கு வேண்டியது பிலாந்தஸ் அமாரஸ். கூடவே சிவப்புத் தண்டுக்காரியான யூரினேரியாவும், மேலாநெல்லியும், இன்னும் ஒன்றிரண்டும் வந்துவிடும். எங்களுக்குச் செடி கொண்டுவந்து கொடுத்தவர்களில் மலையடிவாரத்து மூதாட்டி ஒருவர் இருந்தார். அவர் கொண்டுவரும் கட்டில் கலப்பே இராது. எப்படி என்று கேட்டதற்கு ஒரு கொத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தார். "காயத் தடவிப் பாரு தாயி. இதுக்கு மழமழன்னு இருக்கும், காம்பும் இருக்கும். செவப்புல சொரசொரன்னு தண்டோட ஒட்டிக்கிட்டுக் கெடக்கும். எங்காத்தா காமாலைக்கு அதத் தொடவே மாட்டா."

மேசைக்குத் திரும்பி விதைகளை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். அமாரஸின் விதை, ஆரஞ்சுச் சுளையைப் போல முக்கோணமாக, முதுகில் நீளவாக்கில் வரிவரியாக மேடுகள். யூரினேரியாவில் மேடுகள் குறுக்கே ஓடின. தாவரவியல் நூல்கள் இனம் பிரிக்கச் சொல்லும் அடையாளமும் இதேதான், மூதாட்டியின் விரல் அதற்குச் சற்று முன்னால், காயிலேயே நின்றுவிட்டது. பிறகு கருவியில் ஏற்றினால், பிலாந்தின், ஹைப்போபிலாந்தின் என்ற இரண்டு லிக்னான்களும் அமாரஸில் உயர்ந்து நிற்கும். யூரினேரியாவில் அந்த இடம் தட்டையாகக் கிடக்கும். செடி நொறுங்கிச் சருகாகி மூட்டையில் வந்தபின் காயும் தெரியாது, தண்டின் நிறமும் தெரியாது. அடியில் உதிர்ந்த விதைகளைச் சலித்தெடுத்துப் பார்ப்பதைத்தான் என்னிடம் பழகிய ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்லிக் கொடுத்தேன்.

இது வெறும் கலப்படப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. 1988-இல் சென்னையில் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் கீழாநெல்லியை ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகள் 'லான்செட்' இதழில் வந்தன. 200 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, 30 நாள். மருந்து உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. போலி மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடத்திய ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இனம் வேறா, விளைந்த மண் வேறா, பதப்படுத்திய விதம் வேறா, நோயாளிகள் வேறா என்ற வாதம் நெடுங்காலம் ஓடியது. எனக்கு உறுத்துவது வேறொன்று. சென்னையில் கொடுத்தது உலர்த்திப் பொடித்த செடி. இன்று ஆல்கஹாலில் எடுத்துப் பிலாந்தின் சதவீதத்தைக் கூட்டிய பொடியை விற்கிறவர்களும் அந்த 37 பேரையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். சாட்சி வேறு சரக்குக்கு உரியது. காமாலை என்று மருந்து தேடி வருகிற உறவினர்களிடம் நான் முதலில் சொன்னது, ரத்தப் பரிசோதனை செய்து காரணம் என்ன என்று தெரிந்துகொண்டு வாருங்கள் என்பதுதான். பித்தக்குழாயில் கல் அடைத்ததற்கும் கிருமியால் வந்ததற்கும் கண் ஒன்றுபோலத்தான் மஞ்சளாகும்.

உயிரியல் சோதனைகள் பக்கம் வந்தால், கல்லூரி மாணவர்கள் ஆய்வேட்டுக்காக எங்களிடம் சாறு கேட்டு வருவார்கள். ஊதா நிற டி.பி.பி.எச். கரைசலில் சாற்றை விட்டால் மஞ்சளாக மாறும். உடனே "சிறந்த ஆண்டிஆக்ஸிடன்ட்" என்று எழுதிவிடுவார்கள். டானின் நிறைந்த எந்தச் சாறும் அந்த நிறத்தை மாற்றும், காப்பியும் மாற்றும். சோதனைக் குழாயில் நடப்பது உடம்புக்குள் நடந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. புற்றுநோய் செல்லைக் கொன்றது என்று வருவோரிடம் எந்தச் செறிவில் என்று கேட்பேன். மில்லிலிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்தால்தான் கச்சாச் சாற்றை மேற்கொண்டு பார்ப்பது பொது வழக்கம். அதில் பத்து மடங்கு ஊற்றினால் எதுவும் செத்துப்போகும். இருந்தாலும் இந்தச் சோதனைகளை இளக்காரமாகப் பார்க்கவும் மாட்டேன், நித்தியகல்யாணி இருக்கிறதே. கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அதை எடுத்துக்கொண்டதே சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று பார்க்கத்தான். எலிகளின் சர்க்கரை இறங்கவில்லை, ஆனால் ஊசி போட்ட எலிகள் தொற்று வந்து இறந்தன. ஏன் இறந்தன என்று விடாமல் தோண்டியதில், வெள்ளணுக்கள் சரிந்திருந்தது தெரிந்தது. அதன் வழியே 1958-இல் வின்பிளாஸ்டின் வந்தது, பின்னால் வின்கிரிஸ்டின். டன் கணக்கான இலையிலிருந்து கிராம் கணக்கில் கிடைக்கும் அந்த மருந்துகள் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளைப் பிழைக்க வைத்திருக்கின்றன. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்து மானாவாரி நிலங்களிலும் அது விளைகிறது.

அதே நிலங்களில் விளைகிற இன்னொன்று நிலாவாரை, எங்கள் பக்கத்து உழவர்கள் அவுரி என்பார்கள். ஐரோப்பிய மருந்து நூல்களில் திருநெல்வேலியின் பெயரோடு இடம்பெற்ற இலை. அதன் சத்தான சென்னோசைடு ஏ, பி இரண்டையும் 1941-இல் சுவிட்சர்லாந்தில் ஸ்டோல் குழுவினர் பிரித்தெடுத்தார்கள். மலச்சிக்கலுக்கு உலகெங்கும் தின்னும் மாத்திரைகளுக்கு இந்த வட்டாரத்து இலை போகிறது. மூதாட்டி ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ராத்திரி குடிச்சா விடியக் கருக்கல்லதான் வேலை செய்யுது. அதுவரைக்கும் அது வயித்துல எங்க போயி உக்காந்திருக்கு தாயி?"

அருமையான கேள்வி. சென்னோசைடு தன்னளவில் பேதி மருந்தாக வேலை செய்வதில்லை. அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரை மூலக்கூறுகள் இரைப்பையிலும் சிறுகுடலிலும் அதை உறிஞ்சப்படவிடாமல் கீழே கொண்டுபோகின்றன. பெருங்குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையை வெட்டியெடுத்து, மிச்சத்தை ரெயின் ஆந்த்ரோனாக மாற்றும்போதுதான் மருந்து பிறக்கிறது. அந்தப் பயணத்துக்கும் வேலைக்கும்தான் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கிறது. நான் கருவியில் அளந்து சான்றிதழில் எழுதியதெல்லாம் இன்னும் மருந்தாகாத ஒன்றின் அளவு. முடிக்கிற வேலை குடிப்பவரின் குடலில் இருக்கிறது. ஆன்டிபயாட்டிக் உண்டு குடல் பாக்டீரியாக்கள் அடிபட்டிருக்கும் சமயத்தில் இது சரியாகக் கேட்காமல் போகலாம் என்பதற்கும் காரணம் இதுவே. நாள்பட நாள்பட விடாமல் உண்டால் உடம்பில் பொட்டாசியம் இறங்கும் என்பதையும் அவருக்குச் சொன்னேன்.

இந்த மருந்தின் தொடக்கமோ ஆலையிலும் இல்லை, களத்தில் இருக்கிறது. பச்சை இலையில் இருப்பவை பெரும்பாலும் ஒற்றை ஆந்த்ரோன் கிளைகோசைடுகள். மிதமான சூட்டில் இலை மெல்ல உலரும்போது, இலையின் நொதிகள் அவற்றை இரண்டிரண்டாக இணைத்துச் சென்னோசைடு ஆக்குகின்றன. அவசரப்பட்டுச் சூளையில் சுட்டுக் காயவைத்தால் நொதி செத்துவிடும். குவித்துப் போட்டால் புழுங்கிக் கறுத்துவிடும். மெல்லிய படலமாக நிழலில் பரப்பி, வேளைக்கு வேளை கிளறிவிட்டு, மஞ்சள் ஓடிய பச்சை நிறம் வரும்வரை ஒரு வாரம், பத்து நாள் பொறுக்க வேண்டும். இதைச் செய்கிறவர்கள் களத்துப் பெண்கள். எங்கள் களத்து மேற்பார்வை அண்ணாச்சி, இலையை உள்ளங்கையில் வைத்து நொறுக்கி, நொறுங்குகிற சத்தத்தில் ஈரப்பதம் சொல்லுவார். 105 டிகிரி அடுப்பில் நான் எடுக்கிற அளவு அவர் சொன்னதை ஒட்டியே வரும்.

நல்ல நிறத்தில் காய்ந்த லாட்டுக்கும் கறுத்த லாட்டுக்கும் சென்னோசைடு எண்ணில் தெளிவான வித்தியாசம் வரும். உழவருக்கு மட்டும் இரண்டுக்கும் கிலோவுக்கு ஒரே விலை. லாட் வாரியாக எண்களைத் தொகுத்துக் கொள்முதல் பிரிவுக்குக் கொண்டுபோய் வைத்து, சத்து கூடிய இலைக்கு விலையும் கூட வேண்டும் என்று அண்ணாச்சியும் நானும் விடாமல் கேட்டோம். முதலில் மறுத்தார்கள், பிறகு சிலரிடம் மட்டும் சோதித்துப் பார்க்க ஒத்துக்கொண்டார்கள். அதன்பின் விலைச்சீட்டில் எடைக்குப் பக்கத்தில் சென்னோசைடு சதவீதத்துக்கு ஒரு கட்டமும், அதையொட்டிக் கூடுதல் விலைக்கு இன்னொரு கட்டமும் வந்தன. அடுத்த அறுவடையில் அந்த உழவர்கள் இலையை வெயிலில் கொட்டவில்லை, வீட்டுத் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் சேலைகளை விரித்து நிழலில் பரப்பியிருந்தார்கள். களத்துப் பெண்களின் கூலியில் அந்தக் கட்டம் இன்னும் சேரவில்லை. அதையும் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம்.